மிதக்கும் மக்கள்தொகை

என் மேசையில் வேலூர்
ஐந்தாயிரத்தில் ஒரு பங்காய்க் கிடக்கிறது.
விட்டால் சுருண்டுகொள்ளும்.
நான்கு மூலைக்கும் பாரம் வைத்திருக்கிறேன்:
ஸ்டேப்ளர், டிபன் பாக்ஸ், தேய்ந்த முத்திரைக் கட்டை, என் மொபைல்.
யாராவது கூப்பிட்டால்
சத்துவாச்சாரி மடங்கிப்போகிறது.

இன்னும் இருபது ஆண்டுக்கு ஊர் எப்படி என்று எழுத வேண்டும்.
குடியிருப்பு மஞ்சள், பொதுப்பயன் சிவப்பு,
வணிகம் அடர்நீலம், ஆறு வெளிர்நீலம்.
பிரிண்டரில் மை குறைந்தால்
பாலாறும் கடைவீதியும் ஒன்றுதான்.

முதல் கூட்டத்தில் ஆலோசகர்
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்றார்.
இதுவரை கேளாததுபோல் சிரித்து வைத்தோம்.

சைதாப்பேட்டையில் ஒரு சந்து.
வார்டு எல்லை ஒரு வீட்டுக்குள் நுழைந்து போகிறது.
அடுப்பு ஒரு வார்டில், குழாய் அடுத்ததில்.
"வரி எந்தப் பக்கம் குறைச்சலோ அங்கே எழுதிக்குங்க"
என்றார் வீட்டுக்காரம்மா குர்ஷித்,
டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி.

அறிக்கை, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
மிதக்கும் மக்கள்தொகை: கணிசமான அளவு.
அவ்வளவுதான்.
ஆறு வறண்ட ஊரில்
ஆட்கள் மிதக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜுகளில்
வாடகை அடுப்பு, கடுகெண்ணெய்ப் புகை,
ஜன்னல் கம்பியில் புடவையோடு தொங்கும்
எக்ஸ்ரே உறை.
இவர்களுக்கு என்ன நிறம்?
குறிப்பேட்டில் இல்லை.

ஆட்சேபணைக்கு முப்பது நாள். நாற்பத்தொரு கடிதம்.
சாலையை எதிர்ப்பக்கம் அகலப்படுத்தச் சொல்லி மண்டிக்காரர்.
ஏரி என்று காட்டியிருப்பது என் மனை என்று ஏழு பேர்.
ஒன்று மட்டும் வங்காளத்தில்.
லாட்ஜ் பையன் அஸ்லம் படித்துச் சொன்னான்:

பதினோரு மாதமாக உங்கள் ஊரில் இருக்கிறோம்.
அறையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு
அறுநூற்று நாற்பது அடி வைக்க வேண்டும்.
அவர் மூன்று இடத்தில் நிற்பார்.
முதலாவது ஜூஸ் கடை. கத்துவார்கள்.
இரண்டாவது டிரான்ஸ்பார்மர் மேடை.
மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.
அங்கே உட்கார ஏதாவது போடுங்கள்.
மினோதி மண்டல், அறை ஒன்பது.

ஏற்கத்தக்கதல்ல.
மனுதாரர் திட்டப்பகுதியில் வசிப்பவர் அல்லர்.
நான்தான் டைப் செய்தேன்.

அன்று மாலை நடந்து பார்த்தேன்.
எனக்கு நானூற்று எண்பதே அடி.
நோய் வந்தால் தெரு நீளும்போல.
மூன்றாவது இடத்தில் சுவர், வெற்றிலைத் துப்பல்,
சாக்கடை மூடிய கல்.
அதில் உட்கார்ந்தேன்.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார்.

அறை ஒன்பது காலி என்றான் அஸ்லம்.
இரண்டு பேருமா போனார்கள் என்று
கேட்க வாய் வரவில்லை.

ஒன்றரை மீட்டர் பெஞ்சு
இந்த அளவில் பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
பென்சிலைச் சீவினேன்.
இரண்டு தரம் முனை உடைந்தது.

கையெழுத்துக்கு வந்த இணை இயக்குநர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
தூசி என்று நினைத்து
ஊதினார்.
மறுபடி ஊதினார்.
டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு
அடுத்த தாளைக் கேட்டார்.