ஒன்பதாவது விடயம்

இருநூற்றுப் பதினேழு வாக்கு.
நாலாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில்
அவ்வளவு பேருக்குத்தான் தேர்தல் நடந்ததே தெரியும்.
அதில் முப்பது, குழாய் வேலை வகுப்புப் பெடியங்கள் போட்டது.
வகுப்பில் ஒரே பெண் என்ற இரக்கமோ, பகிடியோ,
நான் கேட்கவில்லை.

ஸ்விண்டனில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
மூன்றாம் மாடியில் நீள மேசை, பதினாறு கதிரை,
என் முன்னால் மடித்து வைத்த மட்டையில்
மாணவர் ஆளுநர், கீழே
ஓர் எழுத்துக் குறைந்த நிரோதினி.

செயலாளர் மார்கரி முதல் நாளே சொல்லித் தந்தார்:
"அவர்கள் உங்களைத் தெரிவு செய்தார்கள், அவ்வளவுதான்.
அவர்களுடைய தூதர் அல்ல நீங்கள்.
வாக்கு உங்கள் மனச்சாட்சியுடையது.
இங்கே கேட்டது இந்த அறையைத் தாண்டக் கூடாது."
நல்ல மனுஷி.
பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளியபடிதான் சொன்னார்.
ஒழுக்கக் கோவையில் கையெழுத்து வைத்தேன்,
பதினொரு பக்கம், ஒவ்வொன்றிலும்.

தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில்
நிலத்துக்குக் கீழே ஒரு வால்வு இருக்கும்.
தெருவும் தன்னுடையது என்னாது, வீடும் என்னாது.
எங்காவது வெடித்த இரவில்தான்
டோர்ச் அடித்துத் தேடுவார்கள்.

ஐந்து விடயம் வரைக்கும் விளங்கினவள் போல இருந்தேன்.
கையிருப்பு விகிதம். கூரைக் கடன்.
தலைவர் திரெல்ஃபால் விரலில் எச்சில் தொட்டுத்
தாள் புரட்டுகிற சத்தம்.

ஆறாவது, குழந்தைகள் பராமரிப்பகம்.
எண்பத்தோராயிரம் பவுண் நட்டம்.
மூடலாம் எனப் பரிந்துரை.
"இருபத்திரண்டு பிள்ளைகள்தானே," என்றார் ஒருவர்,
கெட்ட குரலில் இல்லை,
பெட்டியில் எத்தனை ஆணி மிச்சம் என்று பார்க்கிற குரலில்.

பையில் மூன்று பக்கப் பேச்சு இருந்தது. பஸ்ஸில் எழுதியது.
அதில் ஹோடான் இருந்தாள்,
எட்டு நாற்பதுக்கு மழையில் தள்ளுவண்டியோடு ஓடி வருகிறவள்,
அவளுடைய மகன் இருந்தான்,
'லொறி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே
முழு நாளையும் சமாளிக்கிறவன்.
எடுக்கவில்லை.
அந்த மேசையில் கண்ணீர் எந்தப் பத்தியிலும் சேராது.

கேட்டேன்:
"இருபத்திரண்டு தாய்மார் படிப்பை விட்டால்
அவர்களுக்காக வருகிற அரச பணம்
இந்தத் தாளில் எந்த வரியில் குறைகிறது?"

தாள்கள் முன்னும் பின்னும் புரண்டன.
நிதிப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அது... சேர்க்கப்படவில்லை."

பெப்ரவரிக்கு ஒத்திவைப்பு.
அறிக்கையில் என் பெயர் வராது,
ஓர் உறுப்பினர் வினவினார் என்று வரும்.
யாரும் தோற்கவில்லை. நான் வெல்லவுமில்லை.

ஒன்பதாவது விடயம் இரகசியம்.
ஊழியர் உறுப்பினரும் மாணவர் உறுப்பினரும்
தயவுசெய்து வெளியே.

வெளியே, பேக்கரி ஆசிரியர் டெக்லன்
சுவரில் சாய்ந்துகொண்டார்.
"ஆறு வருஷம். இந்த மஞ்சள் பெயின்டில்
எத்தனை குமிழ் என்றுகூடச் சொல்லுவேன்."
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
எதற்கென்று தெரியாத சிரிப்பு கதவுக்கு வெளியே
எப்போதும் நம்மைப் பற்றியதாகவே கேட்கிறது.

ஒழுங்கையில் குளிர். ரேடியேட்டரின் மேல்பாதி ஐஸ்.
காற்று அடைத்திருக்கிறது.
சாவி என் ஜக்கெட் பையில் எப்போதும் கிடக்கும்.
கால் சுற்று. உஸ்ஸென்று நீளமாய் ஒரு மூச்சு,
இத்தனை கூட்டங்களின் காற்று முழுக்க,
பிறகு கறுத்த நீர் இரண்டு துளி.
டெக்லன் கையை வைத்துப் பார்த்தார்.
"அட," என்றார்.
அறிக்கையில் இதுவும் வராது.

மறுநாள் எட்டு நாற்பத்திரண்டு. வாசலில் ஹோடான்.
"மூடுகிறார்களா?"
பதினொரு கையெழுத்தும் தொண்டையில் நின்றன.
பிள்ளை என் கருவிப்பெட்டியைக் காட்டி
லொறி என்றான்.

"பெப்ரவரி வரைக்கும்," என்றேன்,
"வேறெங்கும் பதிய வேண்டாம்."

ஒழுக்கமும் ஒழுக்கும் ஒரே வேர்ச்சொல்.
ஒரு சொட்டு.
வாளி வைக்கிற அளவுக்கு இல்லை.