தவறாமல்

ரூவியில் எங்கள் ஞாயிறு
வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வரும்.
மலையாளிகள் எழுந்துபோன நாற்காலிகளின்
சூடு ஆறுவதற்குள் நாங்கள் உட்கார வேண்டும்.
ஆறரைக்குக் கிட்டார்களோடு
பிலிப்பினோக்கள் கதவருகே நிற்பார்கள்.
அதற்குள் பாவ அறிக்கை, பிரசங்கம், காணிக்கை,
பிறந்தநாள்காரர்களுக்கு ஜெபம்.

இந்த வெள்ளி ஜெபத்தில் என் பெயரும் இருந்தது:
"சகோதரி எமீமா, பன்னிரண்டாம் வகுப்பு,
நல்ல கல்லூரி அமைய."
நல்ல வரன் அமைய என்று
லிடியா அக்காவுக்குக் கேட்ட அதே குரலில்.

அப்பாவின் லேப்டாப்பில் இரண்டு விண்ணப்பங்கள் திறந்தே கிடக்கின்றன.
பாளையங்கோட்டை:
வளாகத்துக்குள் விடுதி, காலை ஆறுக்கு ஜெப மணி,
கிறிஸ்தவ ஒதுக்கீட்டில் கட்டணம் பாதிக்கும் கீழே,
பி.காம்.
புனே: நிலவியல்.
மணி கிடையாது, ஒதுக்கீடு கிடையாது,
விடுதிக்கு வெளியே தங்க இடம் பார்க்க வேண்டும்.

"பாறைக்கு வயசு பார்க்கிற படிப்பா?
அதான் வேதத்திலேயே இருக்கே" என்றார் தவமணி அங்கிள்,
சமோசாவை உடைத்துக்கொண்டே.

அம்மா இரவுப் பணி முடித்து வந்து
யூனிஃபார்மோடு முழங்காலிடுகிறாள்.
தேவ சித்தம் எதுவோ அது என்கிறாள்.
எங்கள் வீட்டில் தேவ சித்தத்துக்கும்
ரியாலுக்கும் கொஞ்சம் உறவுண்டு:
ரியால் ஏறிய அன்று
புனேயில் மழை அதிகமா என்று கேட்பார் அப்பா.
அவர் கம்பெனியில் மூன்று பேருக்கு
டிக்கெட் கொடுத்து அனுப்பிய அன்று
எதுவும் கேட்கவில்லை.

ஒதுக்கீட்டுக்குப் போதகரின் கடிதம் வேண்டும்.
"மேற்படி எமீமா எங்கள் சபையில்
தவறாமல் ஆராதனைக்கு வருபவர்."

தவறாமல்.
போன அக்டோபரிலிருந்து
பிரசங்கம் தொடங்கியதும் தண்ணீர் குடிக்கப் போகிறவள் நான்.
ஏசி கம்ப்ரஸர்கள் அனலைக் கக்கும் சந்தில்,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தால்
மதிலுக்கு அப்பால் அந்த மலை.
புல் பூண்டு கிடையாது. கருகிய ரொட்டி நிறம்.
ஒருகாலத்தில் கடலுக்குத் தரையாக இருந்ததாம்.
பள்ளி நூலகத்தில் அதைப் படித்ததிலிருந்து
பார்க்காமல் இருக்க முடியவில்லை.
கடவுள்மேல் எனக்குக் கோபமில்லை.
உள்ளே அவரைப்பற்றிப் பேசுகிறார்கள்.
வெளியே
அவர் பேசாமல் வைத்துவிட்டுப் போனது நிற்கிறது.

வாகன நிறுத்தத்தில், எங்கள் கார் பானட்டின்மேல்
கடிதத்தை விரித்து
போதகர் ஞானதுரை பேனாவைத் திறந்தார்.
"ஐயா, தவறாமல்னு வேண்டாம்."
"எல்லாருக்கும் இதே கடிதம்தாம்மா."
அப்பா சாவிக்கொத்தைக் கை மாற்றினார்.
"நான் தவறுறேன் ஐயா."
பின்னால் ஒரு பஜேரோ ஹாரன் அடித்தது.
"வேற என்ன போடட்டும்?"
யோசித்து வைத்திருக்கவில்லை.
"வருபவர்னு மட்டும் இருக்கட்டும்."
ஒரு வார்த்தையை அடித்தார்,
பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்து,
அதன்மேல் சபை முத்திரை.
ஆசி எதுவும் சொல்லவில்லை.
அடுத்த ஆராதனைக்குச் சாவி தேடப் போய்விட்டார்.

ஹம்ரியா ரவுண்டானாவரை அப்பா பேசவில்லை.
திரும்பும்போது இண்டிகேட்டர் சத்தத்துக்கிடையில்,
"அடிச்சு எழுதின லெட்டரை அங்க எடுப்பாங்களா?"
"தெரியலப்பா."
"புனேக்கு லெட்டர் கேட்கிறாங்களா?"
"இல்ல."
இண்டிகேட்டரை அணைக்க மறந்து
வாதி கபீர்வரை ஓட்டினார்.

புனேயில் ஞாயிறு
ஞாயிற்றுக்கிழமையே வரும்.
யாரும் நாற்காலி எண்ண மாட்டார்கள்.
போவேனா என்று
எனக்கே தெரியாது.

இரவு பதினொன்றுக்கு
விண்ணப்பக் கட்டணம் ஐந்தரை ரியாலைக் கட்டினார் அப்பா.
எந்தக் கல்லூரிக்கு என்று சொல்லவில்லை, திரை என் பக்கம் திரும்பியிருந்தது.
பிறகு, இருக்கட்டும் என்று
கடிதத்தையும் ஸ்கேன் செய்தார்.
அடித்த கோடு திரையில் பெரிதாகத் தெரிந்தது,
லேசாகச் சாய்ந்து, நடுவில் ஒடிந்து.
மலையிலும் இப்படி ஒன்று ஓடுகிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.