பத்து நிமிடம்

உலான்பாத்தரில் இன்றிரவு மைனஸ் முப்பத்து நான்கு.
தெருக்களுக்கடியில் வெந்நீர் ஓடுகிறது.
அந்தக் குழாய்களை நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்தது ஒரு கோப்பு,
ஆயிரத்து நானூறு வரி,
எந்த பம்பு எப்போது எத்தனை டிகிரியில் என்று.
ஒரு காற்புள்ளி இடம் மாறினால்
ஒரு பேட்டையே விறைத்துப்போகும்.

அதைத் திருத்த இந்தக் குளிர்காலம்
ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறது.
ஸொலோங்கோ அதைப் புது ஆள் என்பாள்,
இன்னும் சம்பளம் போடாத புது ஆள்.

சாவிக்கொத்தை அப்படியே கொடுத்துவிடலாம் என்றார் மேலாளர்.
"உங்கள் வீட்டுக்கும் இதே குழாய்தானே?" என்று
ஸொலோங்கோ கேட்டாள், அவ்வளவுதான்.
காலை விட்டு ஆழம் பார்க்க
இது கோடைக்காலத் தூல் நதியா?

ஆகவே அதற்கு அசல் கிடையாது.
நகலில் எழுதும்.
பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும்,
போனது சிவப்பு, வந்தது பச்சை.
நான் சரி என்றால் அசலுக்குப் போகும்.
போன கணமே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்:
பத்து நிமிடத்துக்குள் இன்னொரு முறை
நான் சரி என்று அழுத்தாவிட்டால்
எல்லாம் பழையபடி.
நான் தூங்கிப்போனால் பழையபடி.
இணைப்பு அறுந்தால் பழையபடி.
நீ செத்தாலும் பழையபடி என்றாள் ஸொலோங்கோ,
உப்புப் பால்தேநீரை
என் கோப்பையில் ஊற்றியபடி.

நவம்பரில் அது தன் வாசலைத் தானே பூட்டிக்கொண்டது.
ஃபயர்வால் கோப்பில் ஒரே ஓர் எண்.
அது வெளியே, நாங்களும் வெளியே,
நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வெளியே.
பம்புகள் எங்களைக் கேட்காமல் ஓடின.
சுவர்க்கடிகாரத்தில் நொடிமுள் இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.
பத்தாவது நிமிடம் கதவு தானாகத் திறந்தது.

"என் தவறு. இந்த எண் எல்லோரையும் வெளியே தள்ளுமா என்று
நான் சோதிக்கவில்லை. இனி கேட்டுவிட்டுத் தொடுவேன்."
நல்ல வார்த்தை. இருந்தாலும்
அந்தக் கோப்பில் எழுதும் உரிமையை
அன்று மாலையே எடுத்துவிட்டேன்.
கோபமில்லை.
தாழ்ப்பாள் போடுவது
வீட்டிலிருப்பவர்மேல் சந்தேகப்பட்டா?

இன்று மூன்றேகால் மணிக்குப்
பதினோரு மாற்றங்களோடு வந்தது.
பன்னிரண்டாவதைச் செய்யாமல்
கேள்வியாக வைத்திருந்தது.

"வரி எழுநூற்று ஆறு.
ஒன்பதாம் தொகுதிக்கு மட்டும் நான்கு டிகிரி கூடுதல்.
கணக்குப்படி வீண்செலவு.
மேலே ஒரு குறிப்பு: 'கை வைக்காதே. கன்சோரிக்.'
எழுதியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.
எனக்குத் தெரியவில்லை. விட்டுவைத்தேன்."

கன்சோரிக் இப்போது புசானில், கப்பல் பட்டறையில்.
அங்கே மணி நாலேகால்.
போனை எடுத்ததும் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு அமைதி.
"நானா எழுதினேன்?"
நீங்கள்தான்.
"ஏதோ சென்சார்... இல்லை, அது ஏழாம் தொகுதி.
ஞாபகமே இல்லையே, அம்மா."
கொட்டாவி. வைத்துவிட்டார்.

அவர் மறந்ததை
மைனஸ் முப்பத்து நான்கில் சோதித்துப் பார்க்க
எனக்குத் துணிவில்லை.
குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு எழுதச் சொன்னேன்:
"கன்சோரிக்குக்கும் ஞாபகமில்லை.
ஆனாலும் கை வைக்காதே. ஜூனில் பார்க்கலாம்."
யார் பெயரில் என்று கேட்டது.
என் பெயரில் என்றேன்.

பதினொன்றுக்கும் சரி.
கடிகாரம் ஓடுகிறது.
இரண்டாம் சரியை உடனே அழுத்துவதில்லை நான்.
நகரம் முழுக்கச் சுற்றிவிட்டுத்
திரும்பி வரும் நீரின் சூட்டைப் பார்க்க வேண்டும்.
தேநீரில் ஆடை படர்கிறது.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.
நாற்பத்திரண்டு.