பதினேழு புள்ளி நான்கு

துறைமுகத்து உப்புக்காற்று
கான்டெஸாவின் தரையைத் தின்றிருந்தது.
விரிப்பைத் தூக்கினால்
கடலூர் ரோடு தெரியும்.

ஐஸ் பிளான்ட் தகட்டை வெட்டி
அந்துவான் பற்றவைத்தான்.
கார்புரேட்டர் வந்துசேர ஒரு தீபாவளி ஆனது.
என் வளையல் இரண்டு
சைலன்சர் வழியே புகையாய்ப் போனதை
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு. கால் மைல்.
பச்சை விழுந்தது. ரப்பர் கருகியது.
பக்கத்துத் தடத்துக்காரன்
பின்விளக்காகி, புள்ளியாகி,
அப்புறம் அதுவும் இல்லை.

பதினேழு புள்ளி நான்கு நொடி.
"தோத்துட்டோம்டா."
அவன் குனிந்து
அடித்தரையைத் தட்டிப் பார்த்தான்.
"ஒட்டு விடல, செல்வராணி."

திரும்புகையில் பெண்ணையாற்றுப் பாலத்தில்
ஒரு வைக்கோல் லாரியை முந்தினோம்.
போட்டி என்றே
அவனுக்குத் தெரியாது.