கோ, வென்ட், கான்

திங்கட்கிழமை எஸ்தர் டீச்சர் டெஸ்ட்.
முப்பது வினைச்சொல், ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம்.
முக்கூடலில் கரண்ட் போன சனிக்கிழமை மத்தியானம்
வாசலில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து
மதினி சுளகை வைத்து உட்கார்ந்தாள்,
நடுமுதுகு நிலையில் அழுந்துகிற மாதிரி.
மிச்ச இடத்தில் நான், என் நோட்டு.

கோ, வென்ட், கான்.
சீ, சா, சீன்.
நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள்
இலை சுருண்டு, தூள் அடங்கி,
நூல் ரெண்டு சுற்று சுற்றி
சுளகில் ஒரு பீடி விழும்.
பிரேக், ப்ரோக், ப்ரோக்கன்.
இன்னொன்று.

கட், கட், கட் என்றேன்.
"எத்தன கட்டு?" நிமிராமல் கேட்டாள்.
"கட்டு இல்ல மதினி, வெட்டு.
நேத்து வெட்டுனாலும் இன்னைக்கு வெட்டுனாலும்
இங்கிலீசுல கட்தான். மாறவே மாறாது."
"நம்ம பீடிக்கடைக்காரன் படிச்சிருப்பான் போல.
நேத்தும் எழுவது கழிச்சான்,
முந்தாநாளும் எழுவது."

மூன்றாவது வடிவம் தனியாக நிற்காதாம்,
முன்னால் ஒரு துணைவினை வேண்டுமாம்.
டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன்.
"எதெல்லாம் துணை?"
"ஹேவ், ஹேஸ், ஹேட்."
"ஆம்பளைக்கு எது?"
"ஹேஸ். பொம்பளைக்கும் அதேதான்."
"பரவால்லயே" என்றாள்.

டெஸ்டில் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும்.
மை பிரதர் ஹேஸ் கான் டு தம்மாம்.
எழுதி, வாசித்தும் காட்டினேன்.
"அப்பிடின்னா?"
"தம்மாமுக்குப் போயிருக்கான். இன்னும் வரல."

சுளகில் கொஞ்ச நேரம் எதுவும் விழவில்லை.

"வந்துட்டாவன்னா எப்பிடி எழுதுவ?"
"கானை எடுத்துட்டு பீன் போடணும்.
ஹேஸ் பீன். போயிட்டு வந்தாச்சு."
"ஒத்தச் சொல்லா?"
"ஒத்தச் சொல்லுதான்."
"ஒத்தச் சொல்லுலயாளா ரெண்டு வருசமா தட்டுது?"

பிறகு, தூளை ஒதுக்கிக்கொண்டே,
"அதையே எழுது."
"டீச்சர் கேட்டா?"
"டீச்சருக்கு ஒங்க அண்ணனத் தெரியுமா?"
தெரியாது.
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
கான் மங்கியதே தவிரப் போகவில்லை.
அதன் மேலேயே பீன் என்று அழுத்தி எழுதினேன்.

புதன்கிழமை பேப்பர் வந்தது.
முப்பதுக்கு இருபத்தெட்டு.
அந்த வாக்கியத்துக்குச் சிவப்பில் டிக்,
பக்கத்தில் குட் வேறு.
தப்பு ரெண்டும் லை.
படுப்பதும் லை, பொய் சொல்வதும் லை.
படுப்பதுதான் லை, லே, லெய்ன் என்று
கண்டபடி புரண்டு புரண்டு மாறும்.
பொய் ஒழுங்கு வினை. லை, லைடு, லைடு.
நான் அதுக்கு இதையும் இதுக்கு அதையும் எழுதியிருக்கிறேன்.

மதினி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை.
கையைச் சேலையில் துடைத்துவிட்டு
அந்த ஒரு வரி எது என்று கேட்டுப் பார்த்தாள்.
"இது கழியலயா?"
"கழியல மதினி."
பீடித் தலை மடக்கித் தேய்ந்த நகத்தால்
டிக்கின் சின்னக் கோட்டில் இறங்கி
பெரிய கோட்டில் ஏறினாள்.

ராத்திரி எட்டரைக்குப் போன்.
அங்கே ஆறு மணிதான், இப்போதுதான் ரூமுக்கு வந்திருப்பான்.
நான் நோட்டை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தேன்.
லை, லே, லெய்ன். லை, லே, லெய்ன்.
வாசல்படியில் மதினி குரல் கேட்டது.

"கடையில எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான்.
ஆமா, ஒண்ணுகூடக் கழிக்கல.
பிள்ள இருபத்தெட்டு மார்க்கு.
நீங்க மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.
முதுகா?
அது இப்ப வலிக்கதே இல்ல."