கல்நார்

மாடியில் பன்னிரண்டு அட்டை.
எண்பத்தேழில் போட்டது. பத்திரத்தோடு
ரசீதும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.
சித்திரையில் அதன் கீழே மின்விசிறி
சுடுகாற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு
நாளுக்கு முந்நூறு என்று விட்டிருந்தோம்.
தளம் போட்டு ஏசி மாட்டினால் எழுநூறு.
கணக்கு அவ்வளவுதான்.

துருப்பிடித்த கொக்கியோடு எவன் மல்லுக்கட்டுவது என்று
தணிகாசலம் மேஸ்திரி சம்மட்டியால் ஒரு போடு போட்டார்.
முதல் அட்டை வெள்ளையாய் ஒரு மூச்சு விட்டது.
சைதாப்பேட்டை மலை கொஞ்ச நேரம் தெரியவில்லை.

கீழே ஸ்கூட்டர் சீட்டில் விரலால்
மகன் தன் பெயரை எழுதினான்.
ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது.
போட்டுக் காட்டிவிட்டு
முந்தானையால் துடைத்தேன்.
தும்மினான். நூறு, என்றேன்.
மறுபடி தும்மினான். இருநூறு.

கீழறையில் பிர்சிங் பூர்த்தி, ஜார்க்கண்ட்.
வந்து மூன்று வாரம்.
மாடிப்படி ஏறினால் ஐந்தாவதில் ஒருமுறை
ஒன்பதாவதில் ஒருமுறை உட்காருவார்.
அன்றைக்கு எங்கும் உட்காராமல் வந்தார்,
துண்டால் மூக்கை மூடிக்கொண்டு.
உடைந்த சில்லொன்றை வெயிலில் பிடித்தார்.
விளிம்பில் பூனைக்காது மயிர் போல
ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

பத்து வருட வாடகையில் நான் கற்ற இந்தி
ஆதார், அட்வான்ஸ், தண்ணீர் காலை ஆறுக்கு,
இதற்குமேல் தாங்காது.
அவர் சொன்னதில் பிடிபட்டது:
மலை. சுரங்கம். கூடை. பதிமூன்று வருடம்.
பிறகு அட்டையைத் தொட்டு நெஞ்சைத் தொட்டார்,
மறுபடி அட்டையை.

அவர் மனைவி
முப்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கிய குடிநீர்க் கேனை
இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தார்.
சீல்கூடப் பிரிக்காதது.
இரண்டு பேருமாய் அந்தக் குவியல்மேல் ஊற்றினார்கள்,
நாற்றங்காலுக்கு ஊற்றுகிற மாதிரி,
ஒரு துகளும் எழும்பாமல்.
தணிகாசலம் சிரித்தார்.
"முப்பது வருசமா ஒடைக்கிறேன்" என்றார்.
சொன்ன பிறகு சிரிக்கவில்லை.
இருமல் வந்ததை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

இரவு போனில் தேடினேன்.
தமிழில் அதற்குக் கல்நார் என்று பேர்.
வாழைநார் தெரியும்.
மண்டித் தெருவில் மல்லிகையோடு
ஈரத்தில் சுற்றித் தருவார்கள்.
அது பூவோடு சேர்ந்து மணக்கும்.
இது கல்லைவிட்டு வந்தது.
உள்ளே போனால் இருபது வருடமோ நாற்பதோ
சத்தமில்லாமல் குடியிருக்குமாம்,
அட்வான்ஸ் தராமல், காலியும் செய்யாமல்.
உடையாமல் கிடந்தால் அவ்வளவு தொந்தரவில்லை,
உடைத்தால், அறுத்தால், துளை போட்டால்தான்

துளை என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.
உடையாமல் இறங்கியது நாலு.
சித்தாள் வேலைக்கு வந்த பச்சையம்மா கேட்டாள்.
எடுத்துக்கோ, என்றேன்,
ஏதோ பவுனைக் கொடுப்பவள் போல.

விடிந்ததும் மலையடிக்கு நடந்தேன்.
தார்ப்பாய் போய் என் அட்டை ஏறியிருந்தது.
எட்டுத் துளை, புதிதாக.
கீழே அங்கங்கே மாவு சிந்தின மாதிரி.
"ராத்திரி தூத்தல் போட்டுச்சே,
ஒரு சொட்டு ஒழுவலக்கா" என்றாள்.
டீ கொடுத்தாள்.
டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தந்ததைத் திருப்பிக் கேட்பதா,
கேட்டால் தகரத்துக்கு யார் காசு தருவது,
எழுநூறு கணக்கு அங்கே வந்து இடித்தது.

போல்ட் ஏறாத ஒரு துளை வழியே
வெயில் கோலாக இறங்கியது.
அதில் நிறைய மிதந்தன, அவசரமே இல்லாமல்.
அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"பச்சையம்மா" என்றேன்,
"முதல்ல அந்தப் பானையை மூடு."