வீட்டு விளக்கு

சாவி வாங்கிய அன்று
சென்னியப்பன் ஹாலின் நடுவில் நின்று
ஒரு தடவை கை தட்டினான்.
நாலு தடவை கேட்டது.
"ஆளில்லாத மில்லாட்ட இருக்குது" என்றான்.

பெருமாநல்லூர் ரோடு, ஐந்தாவது மாடி.
சுவர் நிறத்துக்கு பில்டர் வைத்த பெயர் யானைத் தந்தம்.
எனக்கு அது
சாயத்துக்குப் போகுமுன் வெளுத்து வைத்த துணி.
ஒரு கறை இல்லை. ஒரு தையல் விட்டுப்போகவில்லை.
பதினோரு வருசமாய்
பிசகு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
பார்க்க ஒன்றும் அகப்படாமல்
முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை.

பால் காய்ச்சினோம். ஒறம்பரை வந்து போனது.
மூன்று பேர் ஒரே மாதிரி கடிகாரம் கொடுத்திருந்தார்கள்.

உள்வேலை செய்கிற பையன் ஒருவன்
லேப்டாப்பில் எங்கள் வீட்டைக் காட்டினான்.
சாம்பல் சோபா, சாம்பல் திரை,
மூலையில் யாரையும் பார்க்காத ஒரு புத்தர்.
"ரொம்ப வார்ம்மா இருக்கும் மேடம்."
சித்திரை மாசத்துத் திருப்பூரில்
சூட்டுக்குத் தனியாக எட்டு லட்சமா என்று
சென்னி கேட்டது அவனுக்குப் புரியவில்லை.

கடிகாரங்களில் ஒன்றையாவது மாட்டலாம் என்று போனோம்.
கான்கிரீட் ஆணியை வளைத்துத் திருப்பித் தந்தது.
டிரில் இரவல் கேட்கப் போனால்
எதிர்வீட்டு ரெஜினா டீச்சர்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.
இரண்டு விரல் தள்ளி ஓட்டை போட்டுவிட்டு
"அச்சச்சோ" என்றார்.
பூசிவிடச் சொல்லட்டுமா என்று மறுநாளும் கேட்டார்.
வேண்டாங்க டீச்சர், இருக்கட்டும்.
கடிகாரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.
சாப்பிடும்போது என் கண் அங்கேதான் போகிறது.

திரைதான் முடிவாகாமல் கிடந்தது.

கம்பெனியில் எனக்கு ஒரு பெட்டி உண்டு.
உள்ளே மூன்று விளக்கு:
பகல், கடை, வீடு.
துணியை மூன்றிலும் பிடித்துப் பார்ப்பேன்.
ஒன்றில் நிறம் மாறினாலும் லாட் திரும்பிவிடும்.
ஆடியில் ஒரு மஞ்சள் அப்படித்தான் திரும்பியது.
பகல் விளக்கில் கடலைப்பருப்பு,
கடை விளக்கிலும் அதே பருப்பு,
வீட்டு விளக்கைப் போட்டதும்
உள்ளேயிருந்து ஒரு சிவப்பு கசிந்து வந்தது.
பையருக்கு மெயில் அடித்தது நான்தான்.

காதர்பேட்டையில் போன வாரம்
அதே மஞ்சளை மலையாய்க் கொட்டி வைத்திருந்தார்கள்.
"நல்ல துணிங்க்கா,
எவளோ ரிஜெக்ட் பண்ணிப்போட்டா" என்றார் கடைக்காரர்.
"ஆமாங்க, பாவி" என்று சொல்லி
ஏழு கிலோ எடுத்துக்கொண்டேன்.

பனியன் துணி திரைக்கு ஆகாது.
தொங்கத் தொங்க நீளும்.
யாராவது இதைக் கேட்டால் நானே கூடாது என்பேன்.
மாட்டி ஆறு நாளில்
தரையில் நாலு விரல் விழுந்து கிடக்கிறது,
பாவாடையை அளவெடுக்காமல் தைத்த மாதிரி.

இன்று பொழுது சாய்ந்து மூலை விளக்கைப் போட்டேன்.
பெட்டிக்குள் பார்த்த அதே சிவப்பு
ஓரத்திலிருந்து கிளம்பி
மஞ்சள் முழுக்க ஏறி
சுவரில் பாதிவரை போய் நின்றது.
பில்டர் வைத்த பெயர் அந்த இடத்துக்கு இனிப் பொருந்தாது.

சென்னி வேலை விட்டு வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.
பிறகு உள்ளே வந்து, பழக்கம்தானே,
ஒரு தடவை கை தட்டினான்.
ஒன்றரைத் தடவை கேட்டது.

"இன்னும் அரை பாக்கி இருக்குது"
என்று சொல்லிவிட்டு
டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டான்.